இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு

ஆகஸ்ட் 20, புதன்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

அதனால் இன்றிலிருந்து பேப்பரில் எழுதுகிறேன். பொங்கல் சமயத்தில் ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி. பீரோ மேல் பிரிக்காமல் கிடந்தது. இதை யாராவது படிக்க வேண்டுமென்றால் என் வீட்டுக்குள் நுழைந்து, என் மனைவி ஈஸ்வரியைத் தாண்டி வரவேண்டும். அப்படி ஒரு ஆள் இந்தக் கோபி தாலுகாவில் இன்னும் பிறக்கவில்லை.

நான் சென்னியப்பன். கோபிச்செட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். தரகர் என்கிறவர்கள் என்கட்டும். ஐநூறு கல்யாணம் முடித்த கை இது. கம்ப்யூட்டரும் எனக்குப் புதிதல்ல, பாலிடெக்னிக் போனவன் நான். இடையில் குடும்பப் பொறுப்பு வந்து நின்றுவிட்டேன், அது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். என் தங்கை மகள் மேகலா கோயமுத்தூரில் ஒரு தோழியோடு சேர்ந்து, போனில் குறிப்பு எழுதி வைக்கிற ஆப் ஒன்று செய்திருக்கிறாள். ‘ஓலை’ என்று பேர். பாதி என் யோசனை. அதில் எனக்கென்று இரண்டு அறை போட்டுக் கொடுத்தாள். ஒன்றின் பேர் ‘கொடுக்க’. பெண், பையன் விவரமெல்லாம் அதில் இருக்கும். எதிர் வீட்டாருக்கு அதிலிருந்து லிங்க் அனுப்பலாம். இன்னொன்றின் பேர் ‘எனக்கு மட்டும்’. அது தொழில் ரகசியம். ஒவ்வொரு பேருக்கும் நேராக நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட குறைகள் அதில் இருக்கும்.

நம்பியூர் நாச்சிமுத்து அண்ணன் மகள் தாரணியைத் திருப்பூர் வசந்தாமணி அம்மாவின் பெரிய மகன் ஹரிபிரசாத்துக்குப் பேசி முடித்திருக்கிறேன். அடுத்த வியாழன் நிச்சயம். சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அந்தம்மா கேட்டதால் தாரணியின் விவரத்தை லிங்க்காக அனுப்பினேன். ‘கொடுக்க’ அறையிலிருந்துதான் அனுப்பினேன். அந்தம்மாவின் சின்ன மகன் நிதினுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சும்மா இருக்க முடியாமல் அந்த லிங்க்கின் வாலில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் தட்டியிருக்கிறான். ஆப் அவனை ஒரு படி மேலே ஏற்றிவிட்டுவிட்டது. ஏறியவன் பக்கத்து அறைக்குள் இறங்கிவிட்டான்.

காலையில் அந்தம்மாவின் போன்.

“ஏனுங்ணா, புள்ளைக்கு வலிப்பு இருக்குதாமா?”

“யாருங் சொன்னது?”

“நீங்கதான் சொல்லியிருக்கறீங். எங்ககிட்டச் சொல்லலீங், உங்களுக்குள்ள சொல்லி வச்சிருக்கறீங்.”

அவன் அந்தக் குறிப்பைப் போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். ‘தாரணி. குறை: ஹாஸ்டலில் இருந்தபோது வலிப்பு வந்தது. வீட்டில் மறைக்கிறார்கள்.’

“எதையும் விசாரிக்காம எழுதிப்போடுவீங்களாண்ணா?” என்றது அந்தம்மா.

நாற்பது ஊர் விசாரித்தவனைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி. “சென்னியப்பன் விசாரிக்காம ஒரு எழுத்து எழுத மாட்டானுங்” என்றேன். சட்டென்று வந்துவிட்டது.

அந்தம்மா போனை வைத்துவிட்டது.

அடுத்தவன் அறைக்குள் நுழைந்து படித்தானே, அது எவ்வளவு பெரிய குற்றம்! முதலில் அதைப் பேச வேண்டும்.


ஆகஸ்ட் 21, வியாழன்

மேகலா கோயமுத்தூரிலிருந்து விடிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டாள். பாவம், முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. ஈஸ்வரி ராகிக் களி போட்டாள். பாதிகூடச் சாப்பிடவில்லை.

“நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா அம்மிணி? இந்த ஆப்புல ஒரு கோளாறு இருக்குதுன்னு சொன்னனா?”

“நீங்க சொன்னது கலரைப் பத்திங் மாமா. ஊதா வேண்டாம், மங்களகரமா மஞ்சள் போடுன்னீங்க.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகம் குறைவு.

கோளாறு என்னவென்று கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் அவள் வாயால் வரட்டுமே.

“லிங்க்ல ஒரு குறிப்போட பேரு வருதுங்ல்ல? அந்தப் பேருல என்ன வந்தாலும் அப்படியே நம்பி எடுத்துக் குடுத்துட்டோம். அது இந்த ரூமுக்குள்ளதான் இருக்குதா, வெளியில போகுதான்னு பாக்கவே இல்லீங் மாமா. ரெண்டு புள்ளி, ஒரு கோடு போட்டா ஒரு படி மேல போன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் படிச்ச எல்லாருக்கும் தெரியும். நானும் படிச்சிருக்கறேன். ஆனாலும் பாக்கல.”

ராத்திரியே சரிசெய்துவிட்டாளாம். வேறு யாராவது அப்படி நுழைந்தார்களா என்று பதிவுகளை எல்லாம் பார்த்தார்களாம். அந்த நிதின் ஒருவன்தானாம். இருந்தாலும் ஆப் வைத்திருக்கிற எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதப் போகிறாளாம்.

நான் ஒரு நல்ல வாசகம் சொல்லிக் கொடுத்தேன். ‘வெளிநாட்டுச் சதிக்கும்பல் ஒன்று நம் ஓலையைக் குறிவைத்தது, நாங்கள் அதை முறியடித்தோம்.’ கேட்கவே எடுப்பாக இருக்கிறது. மேகலா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனில் தட்டி அனுப்பினாள். என் போனுக்கும் வந்தது. ‘எங்கள் கவனக்குறைவால் ஒருவருடைய தனிக் குறிப்பை இன்னொருவர் படிக்க முடிந்தது. தவறு முழுக்க எங்களுடையது. வருந்துகிறோம்.’ அவ்வளவுதான். மூன்று வரி. ஒரு சுவை இல்லை.

“இப்படி எழுதுனா எவனாச்சும் வச்சிருப்பானா அம்மிணி?”

“நெறையப் பேரு போயிருவாங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே மோரைக் குடித்தாள்.


ஆகஸ்ட் 22, வெள்ளி

மோட்டார் ஓடவில்லை. கண்டென்சர் போய்விட்டது. நானே மாற்றினேன். கடைசியில் மட்டும் எலக்ட்ரீசியன் வந்தான்.


ஆகஸ்ட் 23, சனி

நாச்சிமுத்து அண்ணன் வந்தார். மஞ்சள் மண்டியில் வேலையாக வந்ததாகச் சொன்னார். ஆனால் சலவைச் சட்டை போட்டிருந்தார். மண்டிக்கு யார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள்?

உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

“ஏப்பா சென்னியப்பா, என்ற புள்ளைக்கு வலிப்புன்னு எழுதி வச்சிருக்கறியாமா.”

“அது வெளிய போறதுக்கு எழுதுனது இல்லீங்ணா. கம்ப்யூட்டர்ல ஒரு ஓட்டை. தங்கச்சி மகதான்…”

“ஓட்டை கெடக்குது. யாரு சொன்னா உனக்கு? அதைச் சொல்லு.”

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

“ஒரு நர்சுங்ணா. ஹாஸ்டலுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டாச் சங்கடப்படுவீங்கன்னுதான்…”

அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வியாழக்கெழமை நிச்சயம். சமையக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு” என்றார். சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். ஈஸ்வரி கொண்டு வந்த காபி அப்படியே இருந்தது.

ஈஸ்வரி கேட்டாள்: “எந்த நர்சுங்க?”

உனக்குத் தெரியாது என்றேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

இவளுக்கு வாய் அதிகம்.


ஆகஸ்ட் 25, திங்கள்

தொழில் தெரியாதவர்கள் தரகரைக் குறை சொல்வார்கள். அவர்களுக்காக ஒன்று எழுதி வைக்கிறேன்.

எந்த ஜாதகத்துக்கும் குறை ஒன்று இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் நாங்கள் விசாரிக்கவில்லை என்று அர்த்தம். ‘பொண்ணு தங்கம், ஒரு குறையும் இல்லை’ என்றால் எதிரில் இருக்கிற தரகர் சிரிப்பார். ‘எடது காது கொஞ்சம் மந்தம், அண்ணன் கடன்ல இருக்கறான்’ என்றால்தான் ‘அட, உள்ளே போய்ப் பார்த்திருக்கிறான்’ என்று மரியாதை.

ஆடி மாதம் எங்களுக்கு வேலை கிடையாது. யாரும் பெண் பார்க்க மாட்டார்கள். எல்லாத் தரகர்களும் ஒரு மண்டபத்தில் கூடி ஜாதகம் மாற்றிக்கொள்வோம். இந்த ஆடியில் நான் ‘ஓலை’யைக் காட்டினேன். இரண்டு அறையையும் திறந்து காட்டினேன். எல்லாரும் அசந்துபோனார்கள். பெருந்துறைக்காரர் மட்டும் போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

“ஏப்பா, குறைங்கற எடம் பூரா வெறுசாக் கெடக்குது? ஊரு ஊராப் போறேங்கற, போயி டீ குடிச்சுப்போட்டு வந்தர்றியா?”

மண்டபமே சிரித்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன். ஆடி மாதம், வேலை இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். போனும் கையில் இருந்தது.

மீதி எழுத நேரமில்லை. ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்களாம்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

வசந்தாமணி அம்மா நிச்சயத்தைத் தள்ளி வைத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை. “தெளிவாகட்டுங்ணா. ஆவணிக்குள்ள தெளிஞ்சா வெச்சுக்கலாம். புரட்டாசி பொறந்துட்டா அப்பறம் பேச்சில்லீங்” என்றது.

மத்தியானம் தாரணியின் அம்மா துளசிமணி போன் பண்ணியது. அண்ணனும் அதுவும் கோயமுத்தூர் போய், தாரணி இருந்த ஹாஸ்டல் வார்டனிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். “எங்க புள்ளைக்கு ஒடம்பு சரியில்லாமப் போனதை ஏன் சொல்லல?” என்று கேட்டார்களாம். வார்டன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லையாம். பழைய நோட்டையெல்லாம் எடுத்துக் காட்டியதாம். கடைசியில் அந்தம்மா அழுதுவிட்டதாம்.

“பக்கத்து ஆஸ்பத்திரிலயும் கேட்டமுங்ணா. எந்த நர்சுங்? அடையாளமாச்சும் சொல்லுங்.”

“அது சேலத்துக்கு மாத்தலாகிப் போயிருச்சும்மா.”

“சேலத்துல எங்கீங்? நாங்க போறமுங்.”

நான் டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் நான்கு கோடு இருந்தது. ஈஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சேலம் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அங்கே எனக்கு யாரும் இல்லை.


ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றைக்கு நிச்சயமாக இருந்திருக்க வேண்டும். பட்டுக்கரை வேட்டி தேய்த்து மடித்தது அப்படியே இருக்கிறது.

நம்பியூர்க்காரர்கள் இன்று தாரணியைக் கோயமுத்தூருக்குத் தலை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போகிறார்கள் என்று கேள்வி. நல்லதுதான். விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது. எடுத்தால் தெளிந்துவிடும்.


ஆகஸ்ட் 29, வெள்ளி

ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததுதான். உடனே திருப்பூருக்குப் போன் போட்டேன். ஐநூறு கல்யாணத்தில் எத்தனை முடிச்சை அவிழ்த்திருப்பேன்! இது என்ன பெரிய முடிச்சு?

“ஸ்கேன்ல எல்லா வலிப்பும் தெரியாதாமாங்ணா” என்றது வசந்தாமணி அம்மா. “என்ற சின்னவன் பாத்துச் சொன்னான். வந்து போனது வந்து போனதுதானாமா.”

“அது ஒண்ணும் இல்லைன்னே நெனச்சுக்கங்கம்மா.”

“நீங்க விசாரிச்சுத்தான எழுதுனீங்?”

கேட்டுவிட்டு அந்தம்மா காத்திருந்தது. உண்மையாகவே காத்திருந்தது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் இளநீர்க்காரன் போனான். அவன் கூவி முடிக்கும்வரை ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எதுக்கும் யோசிச்சுச் சொல்றேனுங்” என்றேன்.

சாயங்காலம் துளசிமணி போன். குரலே மாறிக் கிடந்தது.

“ஏனுங்ணா, எங்களுக்குத் தெரியாம ஹாஸ்டல்ல வந்து, அவ எங்ககிட்ட மறைச்சிருப்பாளோ? அவங்கப்பாவுக்குப் பயந்து? நேத்து ராத்திரி பூரா அவ தூங்கறதையே பாத்துட்டு உக்காந்திருந்தேனுங்.”

பெற்ற தாய் கேட்கிறது.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

மேகலா வந்தாள். ‘ஓலை’யில் பாதிப் பேர் போய்விட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மீதிப் பாதி இருக்கிறதே என்றாள். ஈஸ்வரி அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். நான் பேப்பர் படித்தேன்.

“மாமா, தாரணிக்கு நான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்” என்றாள் மேகலா. “கதவைப் பூட்டாம விட்டது நானுங்கன்னு சொன்னேன். அவங்க எம்மேல கோவப்படவே இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. உங்க மாமாவுக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியுமான்னாங்க.”

“ஒரு ஆட்டோக்காரன் அம்மிணி. அந்த ஹாஸ்டலுக்குச் சவாரி ஓட்டறவன். அவன்தான் தூக்கிட்டுப் போனானாமா.”

எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். “போன வாரம் நர்சுன்னீங்க.”

“நர்சு சொல்லி ஆட்டோக்காரன் சொன்னான்.”

“சேலத்து நர்சா?” என்றாள் ஈஸ்வரி. “இல்ல, சேலத்து ஆட்டோவா?”

மேகலா சிரிக்கவில்லை. தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு எழுந்தாள். “பூட்டாத கதவு என்ற தப்புங் மாமா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உள்ள இருந்தது என்ற தப்பில்லீங்.” அதற்கு மேல் எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

நான் அவளுக்குப் பஸ் பார்த்து ஏற்றிவிடப் போகவில்லை. வழக்கமாகப் போவேன்.


செப்டம்பர் 1, திங்கள்

இன்று தாரணி மையத்துக்கு வந்தாள். தனியாக வந்தாள். பஸ்ஸில் வந்தாளாம். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க் வேலை அவளுக்கு, எங்கே போனாலும் ஸ்கூட்டர்தான். “சாவியை அப்பா எடுத்து வச்சுக்கிட்டாருங்” என்றாள். “ஓட்டும்போது வந்துட்டா என்ன பண்றதுன்னு.”

இருபத்தேழு வயதுப் பெண். விவரக் குறிப்பில் நான் ‘நிறம் சிவப்பு, அமைதியானவள்’ என்று எழுதியிருந்தேன். நேரில் அப்படி அமைதியெல்லாம் இல்லை. நாற்காலியை என் மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மாமா, நான் சண்டைக்கு வரலீங். எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டாவது வருசம் பரீட்சை சமயத்துல ஒரு நாள் மயங்கி விழுந்தேன். காலையில சாப்பிடல. எல்லாரும் தண்ணி தெளிச்சு எழுப்பிட்டாங்க. நான் அதைப் பெருசா நெனைக்கல. வீட்டுலகூடச் சொல்லல.”

நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.

“அதுதானுங்களா அது? உங்களுக்குச் சொன்னவங்க பக்கத்துல இருந்து பாத்தாங்களா? விழுந்து கெடந்தப்ப எனக்கு எதுவும் தெரியலீங். கை, கால் இழுத்துச்சாமா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதுங். கல்யாணம் கெடக்குது. எனக்கே என்னைப் பத்தித் தெரியாம இருக்கறதுதான் பயமா இருக்குது.”

எதிரில் அந்தப் பெண்ணின் கண். சுவரில் நான் மாட்டி வைத்திருக்கிற ஜோடிப் படங்கள். எல்லாரும் மாலையோடு என்னையே பார்க்கிறார்கள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன்.

“லேசாத்தான் இழுத்துச்சாமா” என்றேன்.

ஏன் சொன்னேன்? அவளை ஆறுதல்படுத்தத்தான் சொன்னேன் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

அவள் தலையை ஆட்டினாள். “சரிங் மாமா” என்றாள். கைப்பையைத் தோளில் போடும்போது கை நடுங்குவதை அவளே பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.


செப்டம்பர் 2, செவ்வாய்

மையம் திறக்கவில்லை. கொத்தமல்லித் தழை வாங்கி வந்தேன். ஈஸ்வரி புதினா கேட்டிருந்தாளாம்.


செப்டம்பர் 3, புதன்

திருப்பூர் போனேன். நின்றுகொண்டேதான் போனேன், உட்கார இடம் இருந்தது.

வசந்தாமணி அம்மாவின் வீட்டில் ஹரிபிரசாத் கம்பெனிக்குப் போயிருந்தான். நிதின் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஒல்லியான பையன். எழுந்து நின்று கும்பிட்டான். இவனைத்தான் நான் இரண்டு வாரமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

வழியெல்லாம் நல்ல நல்ல வாசகமாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் நின்றுபோய் ஒன்றுதான் வந்தது.

“அம்மா, அந்தப் புள்ளைக்கு வலிப்பெல்லாம் இல்லீங். யாரும் எங்கிட்டச் சொல்லலீங். நானா எழுதுனதுங்.”

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு சிரித்தது. மனசு விட்டுத்தான் சிரித்தது.

“நாச்சிமுத்தண்ணன் உங்களை அனுப்புனாருங்களா?”

“இல்லீங். அவருக்கு நான் வந்தது தெரியாதுங்.”

“பொண்ணப் பெத்தவங்க பாடு எனக்குத் தெரியுமுங்ணா. அவங்க கேட்டிருப்பாங்க, நீங்களும் என்ன பண்ணுவீங்க.”

“சாமி சத்தியமா நானா எழுதுனதுங்.”

“அண்ணா” என்றான் நிதின். மரியாதையாகத்தான் சொன்னான். “மத்தவங்களுக்குக் காட்டற எடத்துல பொய் எழுதுவாங்க, அது சகஜம். தன்னோட ப்ரைவேட் நோட்ல யாருங்ணா பொய் எழுதுவாங்க?”

எழுதுகிறவன் எதிரிலேயே நிற்கிறேன். அவனால் நம்ப முடியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். திருடிப் படித்தது என்பதால்தானே எல்லாரும் நம்பினார்கள்? நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பாதிகூட நம்பியிருக்க மாட்டார்கள். சென்னியப்பன் பேச்சு என்று தள்ளியிருப்பார்கள்.

பெருந்துறைக்காரர் கதையைச் சொன்னேன். வெறுசாகக் கிடந்த இடத்தைச் சொன்னேன். அவர்கள் அதையும் கேட்டுக்கொண்டார்கள். நான் ஒரு கதை கட்டுவதைக் கேட்கிற முகத்தோடு கேட்டார்கள்.

“காபி சாப்பிட்டுப் போட்டுப் போங்” என்றது அந்தம்மா. “வேற எடம் பாத்துட்டோமுங். தப்பா நெனச்சுக்காதீங்.”


செப்டம்பர் 4, வியாழன்

ஐநூறு இல்லை. எண்ணிப் பார்த்தால் நூற்றைம்பது தேறும். இது வேறு யாருக்கும் தேவையில்லாத கணக்கு. எழுதி வைக்கத் தோன்றியது.


செப்டம்பர் 5, வெள்ளி

இன்று நம்பியூர் போனேன். ஈஸ்வரி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை, பழம் மட்டும் வாங்கிக் கொடுத்தாள். பாதி வழியில் அந்தப் பழத்தை எதற்குக் கொண்டுபோகிறேன் என்று கூச்சமாகிவிட்டது. பஸ்ஸிலேயே பக்கத்தில் இருந்த பிள்ளைக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். அண்ணன் மஞ்சள் கிழங்கு பிரித்துக்கொண்டிருந்தார். துளசிமணி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தது. நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று அதற்கு ஒரு நப்பாசை. அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

சொன்னேன். நர்ஸ் இல்லை. ஆட்டோக்காரன் இல்லை. சேலம் இல்லை. ஆடி மாதத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்து, வெறுசாகக் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பினேன். தாரணி பேருக்கு வந்தபோது ஊரில் விசாரித்ததில் ஒன்றுமே கிடைத்திருக்கவில்லை. அதனால் பெரிதாக ஒன்று போட்டேன். திருப்பூரிலும் போய்ச் சொன்னேன், அவர்கள் நம்பவில்லை.

துளசிமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. அண்ணன் கையிலிருந்த கிழங்கை உடைக்காமல் வைத்திருந்தார்.

“கையி இழுத்துச்சுன்னீங்களே” என்றாள் தாரணி. “திங்கக்கெழமை. நேருக்கு நேரா.”

“அதுவும் பொய்தான் கண்ணு.”

“நான் அன்னைலிருந்து கண்ணாடி முன்னாடி நின்னு கையைப் பாத்துட்டே இருக்கறேனுங்.”

“தெரியும் கண்ணு.”

“தெரியாதுங்.”

அப்புறம் அவள் கேட்டாள்: “ஏனுங் மாமா, ஏன் வலிப்பு? வாயாடின்னு எழுதியிருக்கலாம். சமைக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கலாம். அதெல்லாம் நெசமும்கூட. வலிப்புன்னு ஏன் தோணுச்சு உங்களுக்கு?”

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஒரு காரணமும் இல்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வீட்டோடு பகை இல்லை. விரல் தட்டியது, அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது?

“தெரியல கண்ணு” என்றேன். இந்த இரண்டு வாரத்தில் நான் சொன்ன பதில்களிலேயே சின்னது அதுதான்.

தாரணி அப்பாவிடம் கை நீட்டினாள். அண்ணன் இடுப்பு முடிச்சிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தார். துளசிமணி மகளின் தலையைத் தொட்டது. அவள் விலகிக்கொண்டாள். அம்மாவின் மேலும் அவளுக்குக் கோபம் இருக்கிறது. அதுவும் என் கணக்கில்தான் வரும்.

நான் எழுந்து கும்பிட்டேன். தாரணி வாசல் வரை வந்தாள். “நடந்தது நடந்துபோச்சுங் மாமா. நீங்களே நேரா வந்து சொன்னீங்களே, அது போதுங். மனசுல வச்சுக்காதீங்” என்றாள்.

இதை எழுதிவிட்டு, குளித்துவிட்டு வந்து, மறுபடி எடுத்துப் படித்தேன். எல்லாம் நடந்தபடிதான் இருக்கிறது. கடைசியாகத் தாரணி சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அது மட்டும் நானாகப் போட்டது. அவள் வாசலுக்கு வரவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. நான் கும்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தேன். நாச்சிமுத்து அண்ணன்தான், “கெளம்பு சென்னியப்பா” என்றார்.